ஏத்துன ஆள எறக்கணும்

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஸ்டீயரிங்கில் டிரைவர். அவருக்குப் பக்கத்தில் ரேஷன் கடை எடையாளரும், மலைக் கிராமங்களுக்கு ஊசி போடப் போகும் நர்ஸம்மாவும். பின்னால் ஒரு பக்கம் நானும் என் இரண்டு நைட்டி மூட்டைகளும். எதிர்ப்பக்கம், கள்ளக்குறிச்சியில் புளி விற்றுவிட்டு வெள்ளிமலைக்குத் திரும்பும் பெரியம்மா, அவருடைய மருமகன், மருமகன் மடியில் கைக்குழந்தை போல ஒரு தண்ணி மோட்டார். கடைசியில் ஒரு புருஷன் பெண்டாட்டி, அவர்கள் காலடியில் எலவனாசூர்கோட்டையில் வாங்கிய ஆட்டுக்குட்டி. ஆள் எட்டு. குட்டியோடு ஒன்பது.

இது இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்றால் அதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கிளம்புமுன் டிரைவர் எங்களை மூன்று முறை எண்ணினார். எப்போதும் ஒருமுறைதான் எண்ணுவார். அன்றைக்கு அந்த ஜீப்புக்குக் கடைசி ஓட்டம். எஃப்சி என்கிற தகுதிச் சான்று முடிந்து, இனிமேல் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் வண்டி பழைய இரும்புக் கடைக்கும், அவர் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கும் போவதாக ஏற்பாடு.

டிரைவரண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். வலது கை மட்டும் இடது கையைவிட இரண்டு மடங்கு கறுப்பு. இருபது வருஷமாக வண்டிக்கு வெளியே வெயிலில் கிடந்த கை அது. அவர் வாயில் அடிக்கடி வருகிற ஒரே பேச்சு, "ஏத்துன ஆள எறக்கணும்." டீசல் விலை பற்றிப் பேசினாலும், கல்யாணம் பற்றிப் பேசினாலும், கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

சொல்வதோடு விடுகிறவரும் இல்லை. கோமுகி அணைக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்துவார். அதற்கு மேல்தான் மலையேற்றம். டீ குடித்து முடித்ததும் எண்ணுவார். ஒருநாள் ஒரு ஆள் குறைந்தது. முக்கால் மணி நேரம் ஹாரன் அடித்தார். புதருக்குப் பின்னாலெல்லாம் போய்க் கூப்பிட்டார். எடையாளர் அணைத் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் மெதக்கலண்ணா" என்றார். கடைசியில் பார்த்தால், அந்த ஆள் அவசரத்தில் வேறொரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார். டிரைவரண்ணன் எங்களையும் வைத்துக்கொண்டே அந்த ஆள் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லிட்டுப் போவ வேணாமாய்யா? நான் உன்ன எங்க போய் எறக்கறது?"

"நான்தான் எறங்கி வூட்டுக்கே வந்துட்டனே."

"நீ எறங்குன. நான் எறக்கல."

அந்த ஆள் திரும்பச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

இந்த எண்ணுகிற வழக்கம் எப்படி வந்தது என்று எடையாளர் ஒருமுறை கேட்டார். அவர் எதையும் கேட்டுவிடுவார். டிரைவரண்ணன் கியரை மாற்றினார். பிறகு சொன்னார்: "தியாகதுருகத்துல டீசல் போட நின்னேன். வூட்டம்மா பின்னால ஒக்காந்துருந்தா. நான் ஒரு கத சொல்லிக்கினே வரேன், சொல்லிக்கினே வரேன், கச்சிராபாளையம் வந்து திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. டீசல் போடறப்ப எறங்கியிருக்கறா, பாத்ரூமுக்கு."

"அப்புறம்?"

"பஸ் புடிச்சி வந்தா. மூணு மாசம் பேசல. அன்னிலேர்ந்து எண்றேன்."

கதை சொல்வதும் அந்த ஜீப்பில் ஒரு வழக்கம். ஆரம்பித்து வைத்தது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கவலையும் உண்டு. வெள்ளிமலைச் சந்தைக்கு நைட்டி விற்கப் போக ஆரம்பித்த முதல் வாரம், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "பிரேக் புடிக்குதாண்ணா? பிரேக் புடிக்குதா?" இரண்டாவது வளைவில் பெரியம்மாவின் தோளைக் கட்டிப்பிடித்தேன். மூன்றாவதில் அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"யம்மா, நீ கத்தறதுல எனக்கே பயமாகீது. நான் ஒரு கத சொல்றேன், நீ அதப் பாத்துப் பயப்படு."

அந்தக் கதை ஏழு பாகம். மகள் திருப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பாகம் வாங்கி வருவாள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். காக்கி அட்டை போட்டு, ஜீப்பில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருப்பார். ஸ்டாண்டில் ஆள் சேரும்வரை விரலை வைத்து ஓட்டிப் படிப்பார். மலையேறும்போது எங்களுக்குச் சொல்வார். இருட்டு ராஜா என்று ஒருவன் சூரியனைத் திருடிப் பித்தளை அண்டாவில் போட்டு மூடிவிடுகிறான். கொல்லர் மகள் செவ்வந்தி தானே ஒரு வாள் அடித்து எடுத்துக்கொண்டு சூரியனை மீட்கப் போகிறாள். வழியில் ஒற்றைக்கொம்பு முளைத்த ராட்சதன், பேசுகிற ஓணான், ஏழாயிரம் வீரர்கள் என்று கூட்டம் சேர்ந்துகொண்டே போகும்.

"அண்டா சூடாவாதாண்ணா?" என்பார் எடையாளர்.

"புக்குல வேற என்னமோ போட்டுகீது. உனக்குப் புரியணுமேன்னு அண்டான்னு சொன்னேன். கம்முனு வா."

வளைவு வந்தால் கதை நிற்கும். செவ்வந்தி மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பாள். இவர் கியரை மாற்றி, ஹாரன் அடித்து, வளைத்து ஏற்றி, நேர்ச்சாலை வந்த பிறகுதான் அவளுக்கு அடுத்த கை. எதிரே லாரி வந்துவிட்டால் அவள் பாடு இன்னும் கஷ்டம். வெள்ளிமலை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், யார் கழுத்திலாவது கத்தி இருக்கும்போது, "இன்னிக்கு இவ்ளோதான், காசு எடுங்க" என்பார். ஜீப்பே "ஐயோ" என்று சொல்லிக்கொண்டு காசு எடுக்கும். அந்த வார்த்தை வந்தால்தான் காசு. முன்னாலேயே நீட்டினால் வாங்க மாட்டார்.

இரண்டாம் பாகத்தில் ஒரு படகுக்காரர் வந்தார். செவ்வந்தியைக் கறுப்பு ஆற்றைக் கடத்தி விடுகிறார். அவளிடம் காசில்லை. "திரும்பி வரப்ப குடுக்கறேன். நான் வர்ற வரைக்கும் இங்கியே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட இருக்காது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் ஏறியதும் கேட்டேன்.

"அந்தப் படகுக்காரரு இன்னானாருண்ணா?"

"எந்தப் படகுக்காரன்? இப்ப ராட்சசன் வந்துட்டான், அதக் கேளு."

"அவரு அங்கியே இருக்கறாருங்களே. சோத்துக்கு இன்னா பண்ணுவாரு? வூட்ல யாருக்காவது தெரியுமா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எல்லாரையும் வூட்ல சேத்துட்டுத்தாம்மா கதைய முடிப்பாங்க. ஏத்துன ஆள எறக்காம புக்கு எழுதுவாங்களா? நான் கேரண்டி."

அந்தக் கேரண்டியை வைத்துத்தான் இரண்டு வருஷம் ஓட்டினேன். வாராவாரம் கேட்பேன். வாராவாரம் "வருவாரு, வருவாரு" என்பார். என்னைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கு ஒரு கவலை எடுத்துக்கொண்டார்கள். நாலாம் பாகத்தில் ராட்சதனுக்குத் தோளில் அம்பு பட்டதிலிருந்து நர்ஸம்மாவுக்கு அதே நினைப்பு. "கட்டு மாத்துனாங்களா?" என்று கேட்பார். ஏழாயிரம் வீரர்களுக்கும் அரிசி எங்கிருந்து வருகிறது என்பது எடையாளரின் தொழில் கவலை. பெரியம்மா மட்டும் இருட்டு ராஜாவின் பக்கம். "அவனுக்கும் ஒரு தாயி இருப்பா இல்ல? அவன வெட்டிட்டா அவளுக்கு யாரு போய்ச் சொல்றது?"

ஏழாம் பாகம் வந்தது. அவர் படிக்க ஆரம்பித்த நாலாவது வாரம் கதை நின்றுவிட்டது. தொண்டை சரியில்லை என்றார். ரேடியேட்டர் சூடாகிறது, கவனிக்கணும் என்றார். இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார். அந்த வாரங்களில் பழைய பயம் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. சக்கரத்து நட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். ஒருநாள் டீக்கடையில் அவர் இறங்கியிருந்தபோது எடையாளர் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். அடையாளத்துக்கு வைத்த பெட்ரோல் பங்க் ரசீது கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"முடிச்சிட்டாரு! முடிச்சிட்டு மறைக்கிறாரு!"

டிரைவரண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்றார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"முடிவு சரியில்லப்பா."

"தோத்துட்டாளா?"

"ஜெயிச்சிட்டா. இருட்டு ராஜாவ வெட்டிட்டா. அண்டாவத் தொறந்துட்டா. அப்புறம் மலை உச்சில நின்னுக்கினு சூரியன் வர்றதப் பாக்கறா. அதோட புக்கு தீந்துபோச்சி."

"நல்லாத்தான கீது?" என்றார் எடையாளர்.

டிரைவரண்ணனுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இன்னா நல்லாகீது? மேல ஏறுனவ எறங்க வேணாமா? ஏழாயிரம் பேர மலை மேல இட்டுக்கினு போய் வுட்டுட்டு சூரியனப் பாத்தா ஆச்சா? அவன் அவன் வூட்டுக்கு எப்படிப் போவான்? எழுதுனவன் ஒரு நாளாவது டிரிப் அடிச்சிருந்தா தெரியும்." பிறகு என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "படகுக்காரன் பேச்சே இல்லம்மா. கடேசி அட்ட வரைக்கும் தேடிட்டேன். நீ மட்டும் கேக்காம இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப எனக்கும் தூக்கம் வரல."

அவர் கொடுத்த கேரண்டி பொய்யாகிவிட்டது. "பரவால்லண்ணா, கததான" என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. அன்று முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதுதான் நடந்திருந்தது, அந்தக் கடைசி ஓட்டத்துக்கு முன்னால். எனவே மூன்று முறை எண்ணிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தபோது யாரும் கதையைக் கேட்கவில்லை. அணை வந்தது. டீ குடித்தோம். எண்ணினார். முதல் வளைவு தாண்டியதும் அவராகவே தொண்டையைச் செருமினார்.

"செவ்வந்தி வாள ஓங்குனா. வெட்டுனா. இருட்டு ராஜா செத்தான்."

"அவ்ளோதானா?" என்றார் எடையாளர். "ஏழு பாகம் இதுக்குத்தான வந்தோம்?"

"அது நடக்கும்னு உனக்கு மொத பாகத்துலயே தெரியும். வேலையே இனிமேதான் கீது. சூரியன் வந்துச்சி. எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கினு இருக்கறாங்க. இவ மட்டும் திரும்பி நின்னு, ஆளுங்கள எண்ண ஆரம்பிச்சா."

புத்தகத்தில் இல்லாத கதை ஆரம்பித்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மருமகன் மோட்டாரை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஏழாயிரம் பேரை ஒரே தடவையில் இறக்க முடியாது என்பதால் செவ்வந்தி இருட்டு ராஜாவின் வண்டிகளைப் பிடித்து டிரிப் அடித்தாள். தூரத்து ஊர்க்காரர்கள் முதலில், பக்கத்து ஊர்க்காரர்கள் பிறகு. அரண்மனைக் குதிரிலிருந்து ஆளுக்கு ஒரு மூட்டை நெல். எடையாளர், "சரியான எடையா?" என்றார். "உன் கடைய வுட ஜாஸ்தி" என்றார் அவர். நர்ஸம்மா தூக்கத்தில் குலுங்கி விழித்தபோது ராட்சதனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓணான் அதன் வேலியில் இறக்கிவிடப்பட்டது. அதுவரை நச்சுநச்சென்று பேசிக்கொண்டே வந்தது, வேலியைப் பார்த்ததும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஓடிவிட்டதாம். "நெறைய பேரு அப்பிடித்தான்" என்றார்.

இருட்டு ராஜாவின் தாயிடம் செவ்வந்தியே நேரில் போனாள். பெரியம்மா முன்னால் சாய்ந்தார்.

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அந்தம்மா வெறகு ஒடச்சிக்கினு இருந்துச்சி. இவ போய் மீதி வெறக ஒடச்சிக் குடுத்துட்டு, அப்புறம் சொன்னா."

பெரியம்மா வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

வெள்ளிமலைக்கு இன்னும் இரண்டு வளைவுதான். செவ்வந்தி இன்னும் ஆற்றுப் பக்கமே போகவில்லை. அவர் அவசரமாக இன்னும் யார் யாரையோ இறக்கிக்கொண்டிருந்தார். நான் மறந்துபோன ஆட்கள், முதல் பாகத்தில் ஒரு வரி வந்த பானை விற்கிறவள்கூட. அப்போது கடைசிக்கு முந்தின வளைவு வந்தது. அவர் கதையை நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, வளைவில் பேசிக்கொண்டே வளைத்தார்.

"செவ்வந்தி அந்த ஆத்துக்கு..."

"அண்ணா, வளைவு! வாய மூடிக்கினு ஓட்டுங்க!" என்று கத்தினேன். அதே மூச்சில், "ஆத்துல இன்னாச்சி?" என்றும் கத்தினேன். ஆட்டுக்குட்டியும் கத்தியது.

அவர் வளைவு தாண்டி ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். நான் வழக்கம்போல் குதித்துப் போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவருடைய பிரேக் மேல் சந்தேகம் இல்லை, கல் வைக்காவிட்டால் எனக்குக் காது கேட்காது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். அவர் பானட்டில் சாய்ந்துகொண்டார்.

"ஆத்துக்கு வந்தா. கரைல படகு கீது. தாடி நரச்சிப்போயி, அந்த ஆளு அங்கியே குந்தினுருக்கறான்."

"சோத்துக்கு?" என்றேன்.

"மீனு."

"மழைல?"

"படகக் கவுத்துப் போட்டு அதுக்கு அடில. இரும்மா, சொல்ல வுடு. அவன் சண்டையப் பத்திக் கேக்கல. சூரியனப் பத்திக் கேக்கல. 'எங்கம்மா போய்ட்ட இவ்ளோ நேரம்?'னு கேட்டான். அவ மடிலேர்ந்து காச எடுத்து அவன் கைல வெச்சா. போனதுக்கு ரெண்டு, திரும்பறதுக்கு ரெண்டு. அவன் எண்ணிப் பாத்தான். சரியா இருந்துச்சி. அப்பறம் அவ சொன்னா, 'நீ குந்து, நான் தள்றேன்'னு. அவன ஒக்கார வெச்சி, அவளே துடுப்புப் போட்டு, அவன் வூட்டுத் தொறைல எறக்கி வுட்டா. அதான் கடேசி ஆளு."

"வூட்ல?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொண்டாட்டி கதவத் தொறந்தா. பாத்தா. சோறு போட்டா."

"அப்புறம்?"

"மூணு மாசம் பேசல."

எடையாளர்தான் முதலில் வெடித்தார். பிறகு நர்ஸம்மா. மருமகன் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டிரைவரண்ணன் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "இப்ப சரியாம்மா?" என்றார். தலையாட்டினேன். ஏறினோம். எண்ணினார். ஒன்பது.

வெள்ளிமலையில் ஒவ்வொருவராக இறங்கினோம். எல்லோர் முகத்திலும் விருந்து சாப்பிட்ட களை. கடைசியாக என் மூட்டைகளை அவரே தூக்கி இறக்கிவைத்தார். காலி ஜீப்பின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் அன்றைக்கு நைட்டிகளைச் சரியாக விற்கவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடையைக் கட்டும்போதுதான் திக்கென்றது. அன்றைக்கு அவர் "இன்னிக்கு இவ்ளோதான், காசு எடுங்க" என்று சொல்லவே இல்லை.

எடையாளரிடம் டிரைவரண்ணன் நம்பர் வாங்கிப் பேசுவதற்குள் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

"அண்ணா, நைட்டிக்காரி பேசறேன்."

"இன்னாம்மா, பிரேக் புடிக்குதா?"

"அன்னிக்குக் காசு குடுக்காம எறங்கிட்டேங்க."

"ஒருத்தரும் குடுக்கல. நானும் கேக்கல. கததான் முடிஞ்சிபோச்சே, எங்க நிறுத்திக் கேக்கறது?"

"ஜிபேல போட்டுடறேன்."

"என்னுது பட்டன் போனும்மா. பங்குனில ஊருக்கு வருவேன், நேர்ல வாங்கிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் நீ அங்கியே இரு." வைப்பதற்கு முன் கேட்டார்: "அன்னிக்கு எல்லாரும் வூடு போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்கண்ணா."

"குட்டி?"

"அதுவும்."

இரண்டு பங்குனி போய்விட்டது. இப்போது மினி பஸ்ஸில் போகிறேன், கண்ணை மூடிக்கொண்டு. சந்தையில் நிழலான பக்கம் ஒரு இடம் காலியாகி, மாறிக்கொள்ளச் சொன்னார்கள். நான் மாறவில்லை. அவர் வந்து தேடினால்? பர்ஸின் உள்பையில் அவர் காசைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். ஆளுக்கு அறுபது, மூட்டைக்குப் பத்து வீதம் இரண்டுக்கு இருபது. ஆக எண்பது ரூபாய்.